கேளுங்கோ, சொல்லுறன்!

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே திசையில் நிற்கின்றன: கடல்கடந்து வந்து வல்வெட்டித்துறையில் தொண்டு செய்வது. சினிமா, அரசியல், சோதிடம் கேட்டவர்கள் அடுத்த முறை வரை பொறுத்துக்கொள்ளுங்கோ.

கே: லண்டனில் பிறந்தவள். அம்மம்மாவின் ஊருக்கு மூன்று மாதம் தொண்டுசெய்ய வருகிறேன். ஊர்ப்பெயரைச் சொன்னதும் கூட வேலைசெய்கிறவர்கள் கூகிளில் தேடிவிட்டு என்னை அனுதாபத்தோடு பார்க்கிறார்கள். என்ன சொல்ல?
('வல்வைப் பேத்தி', லண்டன்)

ப: கூகிள் போரைக் காட்டும். போர் நடந்தது உண்மை, மறுக்காதேங்கோ. அதோடு இன்னொன்றையும் தேடச் சொல்லுங்கோ: தைப்பொங்கல் பின்னேரம் வல்வைக் கடற்கரை. கப்பல், விமானம், பறவை, மிருகம் என்று ஆளைவிடப் பெரிய பட்டங்கள் வாடைக்காற்றில் ஏறும். அதைப் பார்க்கக் குடாநாடே திரண்டு நிற்கும். படத்தைப் பார்த்தபிறகு அனுதாபம் இருந்த இடத்தில் பொறாமை வரும்.

கே: விடுதலைப் புலிகளின் தலைவர் பிறந்த ஊர் என்பதைத் தவிர வல்வெட்டித்துறைக்கு என்ன அடையாளம்?
(ஊடகத்துறை மாணவர், கொழும்பு)

ப: அந்த அடையாளத்தை யாரும் ஒளிக்கவில்லை. ஆனால் ஓர் ஊருக்கு ஒரே ஒரு பிறந்தநாள்தான் உண்டு என்று நினைப்பவர் செய்தியாளராகக் கூடாது. முத்துமாரி அம்மன் கோயில், சித்திரா பௌர்ணமி இந்திர விழா, அன்றைக்கு வானத்தில் ஏறும் புகைக்குண்டு என்ற பலூன்கள், பாய்க்கப்பல் கட்டிய கைகள், கடலை நீந்திக் கடந்த கால்கள். பஸ் ஏறி வாருங்கோ, மிச்சத்தைக் கடைக்காரர் சொல்லுவார்.

கே: கள்ளக்கடத்தல்காரர் ஊர் என்கிறார்களே?
('சுங்கம்', நீர்கொழும்பு)

ப: பாய்க்கப்பல் முதலில் வந்தது, சுங்கச்சாவடி பிறகு வந்தது. இரங்கூன் அரிசியை ஏற்றிவந்த காலத்தில் இந்தக் கடலோடிகளுக்கு வணிகர் என்று பெயர். சுதந்திரத்துக்குப் பிறகு எல்லையும் இறக்குமதித் தடையும் இறுகின. அதே கடலில், அதே பாதையில் பேரன் போனபோது சட்டம் அவனை வேறு பெயரால் கூப்பிட்டது. கடத்தல் நடந்ததா? நடந்தது. பிடவை, சவர்க்காரம் என்று வந்த சாமானை வாங்கிக் கட்டினவர்கள் எந்த ஊர் என்றும் ஒருமுறை விசாரியுங்கோ.

கே: கப்பல், கப்பல் என்று பெருமை பேசுகிறீர்கள். ஓர் ஆதாரம்?
(சந்தேகி, வவுனியா)

ப: அன்னபூரணி அம்மாள். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட, 89 அடி நீளப் பாய்க்கப்பல். அமெரிக்கக் கடலோடி வில்லியம் றொபின்சன் அதை விலைக்கு வாங்கினார். ஓட்டிப்போனவர்கள் வல்வை மாலுமிகள். சூயஸ் கால்வாய் தாண்டி, அத்திலாந்திக் தாண்டி, 1938 ஆகஸ்டில் மசாசூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறைமுகத்தில் போய் நின்றது. பிறகு அதற்கு 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' என்று பெயர் மாற்றினார்கள். மீனவப் பிள்ளைகளுக்குக் கடலைப் பற்றி அறிவூட்டும் திட்டத்தோடு யாரும் வந்தால், முதல் வகுப்பாக இந்தக் கதையை அவருக்கு எடுங்கோ.

கே: தொண்டுக்கு வருவதால் தப்பபிப்பிராயம் உண்மையிலேயே மாறுமா? படம் எடுத்துப் போடுவதோடு சரியா?
(சமூகவியல் மாணவி, திருநெல்வேலி, யாழ்ப்பாணம்)

ப: கோர்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954இல் ஒரு புத்தகம் எழுதினார். ஒருவரோடொருவர் பழகினால் வெறுப்புக் குறையும், ஆனால் நாலு நிபந்தனை உண்டு என்றார்: சமமாக நிற்க வேண்டும், இலக்கு ஒன்றாக இருக்க வேண்டும், சேர்ந்து உழைக்க வேண்டும், மேலிடம் ஆதரிக்க வேண்டும். 2006இல் பெட்டிகுரூ, ட்ரொப் என்ற இருவர் 515 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பழக்கம் வெறுப்பைக் குறைப்பது உண்மை என்றே கண்டார்கள்.

நிபந்தனையில் 'சமமாக' என்பது முதலில் நிற்பதைக் கவனியுங்கோ. குளிரூட்டிய வானை விட்டு இறங்காமல் கண்ணாடி வழியாக இனிப்புக் கொடுப்பவருக்கு 515 ஆய்வும் உதவாது.

கே: இரண்டு கிழமை போதுமா?
(அவசரக்காரன், பாரிஸ்)

ப: ஊர்த்தண்ணீருக்கு வயிறு பழக அது போதும்.

கே: பல்கலைக்கழகக் கோடைவிடுமுறையில் ஆகஸ்ட் மாதம் வந்து பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்பிக்க ஆசை.
(இரண்டாம் தலைமுறை, ரொறன்ரோ)

ப: ஆசை நல்லது. ஆகஸ்டில் எங்கட பள்ளிக்கூடங்களும் வழக்கமாக விடுமுறையில்தான் இருக்கும். வெறும் வகுப்பறைக்கு நல்ல ஆங்கிலம் கிடைக்கும்.

உதவி செய்யத் துடிக்கிறவர் செய்யவேண்டிய முதல் வேலை, ஊரின் நாட்காட்டியைக் கேட்டு வாங்குவது. தவணை எப்போது, சோதனை எப்போது, திருவிழா எப்போது, மீன்பாடு எப்போது. தன் விடுமுறையை மட்டும் பார்த்து விமானச்சீட்டு எடுத்தவர், ஊர் தன்னை வரவேற்கவில்லை என்று பிறகு குறைப்படக் கூடாது.

கே: தொண்டுசெய்ய வந்த வெளிநாட்டவர் ஒருவர் இங்கே உண்மையில் மனம் மாறியதற்கு ஓர் உதாரணம் தாருங்கள்.
(ஓய்வுபெற்ற தாதி, பொலிகண்டி)

ப: டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்க மிசன் 1847இல் அனுப்பியது. மதம் பரப்புவதும் அவருடைய நோக்கம்தான், மறைக்கத் தேவையில்லை. மானிப்பாயில் வைத்தியசாலை தொடங்கி, தமிழ் மாணவருக்கு ஆங்கிலத்தில் மேலைநாட்டு வைத்தியம் கற்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் உத்தியோகம் தேடி ஊரைவிட்டுப் போனார்கள். ஊரில் நோயாளி அப்படியே கிடந்தார்.

மனிதர் என்ன செய்தார் தெரியுமா? பாடத்தையே தமிழுக்கு மாற்றினார். தமிழ் படித்து, உடற்கூறு, சத்திரசிகிச்சை, மகப்பேறு என்று ஆயிரக்கணக்கான பக்கங்களைத் தமிழில் கொண்டுவந்தார். தன் மாணவர் தொப்பியும் காற்சட்டையும் மாட்டி வெள்ளைக்காரராக மாறுவதை அவர் விரும்பவில்லை. 1873இல் நாடு திரும்பினார். அவருடைய கல்லறையில் 'தமிழருக்கான மருத்துவ ஊழியர்' என்ற பொருளில் எழுதியிருக்கிறது. மானிப்பாயில் அவர் பெயரிலான வைத்தியசாலை இன்றும் நிற்கிறது. தமிழில் மருத்துவம் படிக்க முடியாது என்று இன்றைக்கும் அடித்துச் சொல்லும் தமிழர், மானிப்பாய்ப் பக்கம் ஒருமுறை போய் வரட்டும்.

கே: போர்க்காலத்தில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு எங்களைக் காப்பாற்றியது. அவர்களைப் பற்றி எழுதுவீர்களா?
(நன்றியுள்ளவள், பருத்தித்துறை)

ப: எழுத வேண்டும். 1986இல் அந்த அமைப்பு இலங்கையில் கால்வைத்தது. 2006 ஆகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டுக் குடாநாடு துண்டிக்கப்பட்ட பிறகு, 2007இல் மந்திகையில் உள்ள பருத்தித்துறை வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்கும் பிரசவத்துக்கும் அவர்களுடைய ஆட்கள் கைகொடுத்தார்கள். வேறெவரும் வரத் தயங்கிய நேரம் அது.

அவர்களோடு இன்னொரு கூட்டத்தையும் சேர்த்துச் சொல்லுங்கோ. வெளிநாட்டு டொக்டர் சில மாதத்தில் மாறுவார், வேறொருவர் வருவார். மந்திகையில் தாதியும் சிற்றூழியரும் மாறவில்லை. ஷெல் விழுந்த இரவிலும் சைக்கிளில் வேலைக்கு வந்தார்கள். அவர்களுக்கு நோபல் பரிசு கொடுக்க எவரும் யோசிக்கவில்லை.

கே: மகன் தொண்டுக்கு வல்வெட்டித்துறை போகப் போறன் என்று நிற்கிறான். பாதுகாப்பா, அண்ணை?
(தாய், மொன்றியல்)

ப: தங்கச்சி, நீங்கள் விட்டுவந்த ஆண்டிலேயே உங்கட மணிக்கூடு நின்றுபோச்சு. இன்றைக்கு அவனுக்கு உள்ள முதல் ஆபத்து ஒழுங்கைக்குள் பறந்துவரும் மோட்டார் சைக்கிள். இரண்டாவது, மாமிமார் போடும் மூன்றாவது தட்டுப் புட்டு.

கண்ணிவெடி விசயத்தில் மட்டும் விளையாட்டு இல்லை. முகமாலைப் பக்கம் பல ஆண்டுகளாக நிலத்தைத் துப்புரவாக்கி வருகிறார்கள். ஹலோ ட்ரஸ்ட் 2002 முதல் இந்த நாட்டில் இந்த வேலையைச் செய்கிறது. மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் நிற்கவேண்டும் என்று சொல்லி அனுப்புங்கோ. வல்வைக் கடற்கரையில் அந்தப் பயம் வேண்டாம்.

கே: தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவன். ஈழத்தமிழர் என்றால் உயிர். அங்கே வந்து சேவை செய்தால் எப்படி வரவேற்பார்கள்?
('உணர்வாளன்', மதுரை)

ப: சோறு போடுவார்கள், தம்பி. பிறகு இரண்டு கதை சொல்லுவார்கள். இரண்டையும் குறுக்கே பேசாமல் கேட்கவேண்டும்.

முதலாவது, 1989 ஆகஸ்ட். இந்திய அமைதிப்படை வல்வெட்டித்துறையில் அறுபதுக்கும் மேற்பட்ட பொதுமக்களைக் கொன்றது. ஒவ்வோர் ஆகஸ்டிலும் ஊர் அவர்களை நினைக்கிறது. இரண்டாவது, இழுவைமடி. வடக்குக் கடலில் நம் மீனவரின் வலையை அறுத்துப்போவது பெரும்பாலும் உங்கட கரையிலிருந்து வரும் றோலர்கள். அடிமட்ட இழுவையை இலங்கை 2017இல் சட்டம்போட்டுத் தடைசெய்துவிட்டது. உங்கட தொலைக்காட்சியில் இந்தச் சண்டைக்கு இரண்டு பக்கம்தான்: இந்திய மீனவர், இலங்கைக் கடற்படை. வலை அறுந்த தமிழனைக் காணவில்லை. வந்து ஒருநாள் அவனோடு கரையில் இருந்து வலை பொத்துங்கோ. மதுரைக்குப் போய் அதைப் பேசினால், அதுதான் சேவை.

கே: நான் சிங்களவர். தமிழ் கொஞ்சம் படித்திருக்கிறேன். எனக்கு இது வெளிநாடு இல்லை. ஆனாலும் வந்தால் அப்படித்தான் இருக்குமோ என்று பயம்.
(இளம் ஆசிரியர், மாத்தறை)

ப: வாங்கோ தம்பி. இந்தத் தீவில் ஆக நீண்ட பயணம் மாத்தறைக்கும் வல்வைக்கும் இடையில்தான். கடவுச்சீட்டே கேட்காத அந்தப் பயணத்தைச் செய்தவர் மிகக் குறைவு. 2014 ஒக்டோபரில் ரயில் மறுபடி யாழ்ப்பாணம் வந்தது. அங்கிருந்து பஸ்.

ஒன்று தெரிந்துகொண்டு வாங்கோ. சில வீடுகளுக்கு, சீருடை இல்லாமல் வாசலில் வந்து நிற்கும் முதல் சிங்களவர் நீங்களாக இருக்கலாம். முதல் நாள் மௌனம் இருக்கும். அதை வெறுப்பு என்று எடுக்காதேங்கோ. 2003இல் வன்முறையற்ற அமைதிப்படை என்ற அமைப்பு தன் முதல் வெளிநாட்டுத் தொண்டர்களை இலங்கைக்குத்தான் அனுப்பியது. யாழ்ப்பாணத்திலும் அவர்கள் இருந்தார்கள், உங்கட மாத்தறையிலும் இருந்தார்கள். ஆயிரம் மைல் தாண்டி வந்தவர்கள் இரண்டு ஊரையும் பார்த்துவிட்டார்கள். இரண்டு ஊரும் ஒன்றையொன்று இன்னும் பார்க்கவில்லை.

கே: பகைநாட்டுக்குப் போய்த் தொண்டு செய்யும் பழக்கத்தை யார் தொடங்கியது?
(வினாடிவினாப் பிரியன், நெல்லியடி)

ப: பியர் செரசோல் என்ற சுவிஸ்காரர். முதலாம் உலகப்போர் முடிந்த கையோடு, 1920இல், வெர்டன் போர்க்களத்துக்கு அருகே இடிந்துகிடந்த பிரெஞ்சுக் கிராமம் ஒன்றைத் திருப்பிக் கட்டத் தொண்டர்களைச் சேர்த்துப் போனார். அந்தக் கூட்டத்தில் ஜெர்மன்காரரும் இருந்தார்கள். குண்டுபோட்ட நாட்டு ஆள் கல் சுமந்தான். 1934இல் பீகாரில் நிலம் நடுங்கியபோது அதே செரசோல் அங்கேயும் வந்து வேலைசெய்தார். பரிசுக்குறிப்பு: அவர் படித்தது பொறியியல்.

கே: அநாதை இல்லம் ஒன்றில் ஒரு மாதம் பிள்ளைகளோடு இருக்க விருப்பம். எது நல்ல இல்லம்?
(அன்புள்ளம், மெல்பேர்ண்)

ப: உங்கட அன்பைச் சந்தேகிக்கவில்லை. ஆனாலும் வேண்டாம். கம்போடியாவில் இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் ஏறக்குறைய நால்வரில் மூவருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்ததாக யுனிசெப் சொன்னது. பார்க்க வருகிறவர் கூடக்கூட, காட்டுவதற்குப் பிள்ளை தேவைப்பட்டது. உங்கட ஆஸ்திரேலியாவிலேயே 2018இல் நவீன அடிமைத்தனச் சட்டம் வந்தபோது இந்த விசயம் பெரிதாகப் பேசப்பட்டது.

ஒரு மாதம் மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு, விமானம் ஏறி மறைகிறவரை அந்தப் பிள்ளை எத்தனை தரம் தாங்கும்? தாயிடம் பிள்ளையைத் திருப்பி அனுப்பும் வேலைக்குக் காசு கொடுங்கோ. அதில் உங்கட படம் வராது, பிள்ளைக்கு அம்மா வருவா.

கே: பிள்ளைகளோடு செல்பி?
(அவரே)

ப: உங்கட நாட்டில், முன்பின் தெரியாத பிள்ளையைத் தாய் தகப்பனைக் கேட்காமல் படம் எடுத்தால் பொலிஸ் வரும். வல்வெட்டித்துறைப் பிள்ளைக்கும் அதே மரியாதை.

கே: பசியோடு இருக்கும் மக்களுக்கு உணவுப்பொதி கொடுக்க ஒரு குழுவாக வருகிறோம்.
(ஒருங்கிணைப்பாளர், பேர்மிங்காம்)

ப: வறுமைப்பட்ட வீடு இருக்கிறது. கிராமசேவையாளரிடம் விசாரித்தால் சத்தமில்லாமல் கொடுக்கலாம். அதற்கு முன் பக்கத்தில் தொண்டைமானாற்றுக்குப் போங்கோ. செல்வச்சந்நிதி முருகனுக்கு 'அன்னதானக் கந்தன்' என்று பெயர். மடத்தில் நிலத்தில் இருங்கோ, சாதி, மதம், கடவுச்சீட்டு எதுவும் கேட்காமல் இலைபோட்டுப் பரிமாறுவார்கள். கொடுக்க வந்தவர் முதலில் வாங்கிச் சாப்பிட்டுப் பார்க்கவேண்டும். கொடுக்கிற முறை அங்கே தெரியும்.

கே: அப்பா சொன்ன வல்வெட்டித்துறை சொர்க்கம். வந்து பார்த்தால் சாதி இருக்கிறது, சீதனம் இருக்கிறது, குடி இருக்கிறது. ஏமாந்துவிட்டேன்.
(தொண்டர், தற்போது ஊரிக்காடு)

ப: பிள்ளை, உங்களுக்கு வந்ததுதான் உண்மையான மனமாற்றம். நரகம் என்று கேள்விப்பட்டு வந்தவருக்கு நல்ல மனிதரைக் கண்டதும் மனம் மாறிவிடும், அது சுகமான மாற்றம். சொர்க்கம் என்று நம்பி வந்தவருக்கு மாற்றம் வலிக்கும். அப்பா விட்டுப்போன நாளை உப்புப் போட்டு ஊறவைத்து வெளிநாட்டில் வைத்திருந்தார். ஊர் அப்படி இருக்கவில்லை.

அப்பாவிடம் கேளுங்கோ: 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்களை விடமாட்டோம் என்று வாசலில் மறித்தபோது அவர் எந்தப் பக்கம் நின்றார்? குழந்தையாக இருந்திருந்தால், தாத்தா எந்தப் பக்கம்? பதில் வராவிட்டாலும் ஏமாற்றத்தோடு ஓடிவிடாதேங்கோ. சொர்க்கத்துக்குத் தொண்டர் தேவையில்லை. வல்வெட்டித்துறைக்குத் தேவை.

கே: வெளிநாட்டவருக்குத்தான் தப்பபிப்பிராயமா? எங்களுக்கு இல்லையா?
(நேர்மையானவர், கம்பர்மலை)

ப: நிறைய. வெள்ளைத் தோல் என்றால் அறிவாளி என்கிறோம். பத்தொன்பது வயதுப் பெடியனுக்குக் கதிரை போட்டு, இருபது வருசம் படிப்பித்த ரீச்சரை நிற்கவைக்கிறோம். வெளிநாட்டுத் தமிழ்ப்பிள்ளை என்றால் காசுப்பெட்டி என்கிறோம். அது தமிழில் தடுமாறினால் கூட்டமாகச் சிரிக்கிறோம்.

அந்தப் பிள்ளை பேசத் துணிந்த மொழியை நீங்கள் சிரித்தே மூடவைத்தால், அடுத்த முறை அது பாலித்தீவுக்கு விடுமுறை போகும்.

கே: ஆழிக்குமரன் ஆனந்தன் பெயரை எந்தத் தொண்டர் அமைப்பும் சொல்வதில்லையே?
('நீச்சல்', வல்வெட்டித்துறை)

ப: நீங்கள் சொல்லுங்கோ. வல்வையின் பிள்ளை. 1971இல் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு நீந்திப்போய், திரும்பியும் நீந்திவந்தார், 51 மணித்தியாலத்தில். கின்னஸில் ஏழு சாதனை. 1984 ஆகஸ்ட் 6இல் ஆங்கிலக் கால்வாயில் நீந்தும்போது உயிர்விட்டார். அவருக்கு முன்னமே, 1954இல், தொண்டைமானாறு நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார்.

இங்கிலாந்திலிருந்து வரும் தொண்டருக்கு இந்தக் கதையைக் கட்டாயம் சொல்லுங்கோ. ஆனந்தனைக் கொண்டுபோனது அவர்களுடைய கரையோரக் கடல்.

கே: சுற்றுலா விசாவில் வந்து தொண்டு செய்யலாமா?
(சட்டம் பயிலும் மாணவர், பேர்ன்)

ப: சம்பளம் வாங்காவிட்டாலும் அது வேலைதான் என்கிறது விசா நிபந்தனை. அழைக்கும் நிறுவனத்திடம் சரியான விசாவுக்கு ஏற்பாடு கேளுங்கோ. ஏற்பாடு செய்யத் தெரியாத நிறுவனம் என்றால், உங்களை எங்கே தங்கவைப்பது என்றும் அதற்குத் தெரிந்திருக்காது.

கே: வரும்போது என்ன கொண்டுவரவேண்டும்? பழைய உடுப்பு இரண்டு பெட்டி இருக்கிறது.
(குடும்பத்தலைவி, ஒஸ்லோ)

ப: ஜனவரி ஒஸ்லோவின் கம்பளிச் சட்டையை வல்வெட்டித்துறை வெயிலில் யார் போடுவது? பெட்டியை அங்கேயே கொடுங்கோ. கூச்சமில்லாமல் கேள்வி கேட்கும் வாயும், பதில் முடியும்வரை பொறுக்கும் காதும் போதும். இடம் மிஞ்சினால் அம்மம்மாவின் பழைய படங்கள். வயதான ஆக்கள் பெயர் சொல்லித் தருவார்கள்.

கே: நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். வயது 68. முழங்கால் வலி. கிணறு வெட்டவோ வீடு கட்டவோ என்னால் ஏலாது. பிறந்த ஊர் என்னை ஏற்குமா?
('சிதம்பராவின் பழைய மாணவர்', ரொறன்ரோ)

ப: ஐயா, கிணறு வெட்ட ஊரில் ஆள் இருக்கிறார்கள். உங்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம். சிதம்பராக் கல்லூரியின் பழைய மாணவர் பிரித்தானியாவில் பிள்ளைகளுக்குக் கணிதப் போட்டி நடத்துகிறார்கள். அதே அக்கறை ஊர்ப் பிள்ளைக்கும் நேரில் கிடைக்கட்டும். ரியூசன் காசு கட்ட முடியாமல் பின்வாங்கில் ஒதுங்கும் பிள்ளைகள் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் உண்டு. அவர்களுக்குப் பின்னேரத்தில் மேசை, கரும்பலகை, உங்கட குரல்.

தவணை தொடங்கும்போது வாங்கோ, தவணை முடியும்வரை நில்லுங்கோ. அதிபருக்கு முதலே கடிதம் எழுதி, எந்த வகுப்புக்கு ஆசிரியர் இல்லை என்று கேளுங்கோ. உங்களுக்குப் பிடித்த பாடத்தை அல்ல, அவர்கள் இல்லை என்ற பாடத்தை எடுங்கோ. முழங்காலுக்கு மந்திகையில் டொக்டர் இருக்கிறார். கடிதத்தை இன்றைக்கே போடுங்கோ.